வண்ணாரப்பேட்டையில் ஓடுகிறவர்களுக்கு ஒரு ஷூ கடை

நெடுந்தூரம் ஓடுகிறவர்கள் நல்ல ஷூவுக்காக அண்ணா நகர் வரை போக வேண்டியதில்லை. பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டை ஒட்டிய சந்தில் இருக்கும் இந்தச் சின்னக் கடையே போதும். சாயங்காலமாகப் போங்கள். பகல் முழுக்க நடமாடிய கால் சற்று வீங்கியிருக்கும். ஓடும்போதும் அப்படித்தான் வீங்கும்.

கடைக்கார அண்ணன் பட்ஜெட் கேட்கவில்லை. "எங்க ஓடுறீங்க, எவ்வளவு தூரம்?" என்றார். காசிமேட்டிலிருந்து எண்ணூர் பக்கம், அரை மாரத்தானுக்காக, 21.1 கிலோமீட்டர் என்றேன். உடனே என் பழைய ஷூவைத் திருப்பி அடிப்பாகத் தேய்மானத்தைப் பார்த்தார். பிறகு நிற்க வைத்து இரண்டு பாதங்களையும் அளந்தார். பலருக்கு ஒரு கால் கொஞ்சம் பெரிதாக இருக்கும். பெரிய காலுக்குத்தான் சைஸ் எடுக்க வேண்டும். முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் விட்டார். அந்த இடம் இல்லாவிட்டால் நகம் கறுத்துப்போகும். என் பாதம் அகலமானது என்பதால் 2இ என்கிற அகலமான அளவில் ஒரு நியூ பேலன்ஸ் ஷூ கொடுத்து, தெருக்கோடி வரை ஓடிப் பார்க்கச் சொன்னார். எத்தனை கடையில் இப்படி விடுவார்கள்!

500 முதல் 800 கிலோமீட்டர் ஓடுவதற்குள் காலுக்கும் அடிப்பாகத்துக்கும் நடுவில் இருக்கும் அடுக்கின் (மிட்சோல்) மெத்துத்தன்மை போய்விடும், மேலே புதிதாகத் தெரிந்தாலும் மாற்றிவிடுங்கள் என்றும் சொன்னார். விற்பதற்காகச் சொன்னதல்ல, உண்மைதான்.

குறை ஒன்று: பெண்கள் சைஸ் மிகக் குறைவு. தங்கைக்கு எதுவும் பொருந்தவில்லை. இதை அவர் கட்டாயம் சரிசெய்ய வேண்டும். அப்புறம், ஓடும்போது போடுகிற சாக்ஸையே எடுத்துப் போங்கள். ஞாயிறு விடுமுறை.