கிளிநொச்சியில பழைய ரீவி குடுக்கப் போன கடையும் பின்வளவு வேம்பும்

கிளிநொச்சி ரவுணுக்குக் கொஞ்சம் தள்ளி ஏ9 றோட்டுக் கரையில இருக்கிற ஒரு பழைய இரும்புக் கடைக்குப் போன கிழமை போனனான். கடைப் பேரை நான் இதில எழுதேல்லை, அங்க நிக்கிற பொடியன்ர பிழைப்பு அந்தக் கடைதான். மீள்குடியேறி வந்து கரண்ட் எடுத்த காலத்தில வாங்கின, பின்பக்கம் பெருத்த பெரிய ரீவி ஒண்டு, பழுதாப்போன யூபிஎஸ் ரெண்டு, ஒரு சாக்கு வயர், இவ்வளவும் கொண்டு போனன்.

நிறுவையில ஒரு குறையும் சொல்லேலாது. டிஜிட்டல் தராசு, கண்ணுக்கு முன்னால நிறுத்து உடனே கையில காசு. வயசான அம்மா ஒராள் கொண்டந்த ரெண்டு கிலோ தகரத்துக்கும் ஐஞ்சு சதம் குறைக்காமல் குடுத்தவன்.

பிறகு கை கழுவ பின்வளவுக்குப் போனன். கிணத்தடியில பெரிய வேம்பு ஒண்டு நிக்குது. றோட்டுப் பக்கக் கொப்பில இலை முழுக்க செம்புழுதி, தட்டினாப் போகுது. மற்றப் பக்கம் செம்பு எடுக்க வயர் கொழுத்துற பீப்பாவுக்கு நேரா இருக்கிற இலையெல்லாம் கறுப்பு, தொட்டா பிசுபிசுக்குது, லேஞ்சியால துடைச்சுப் பாத்தன், வீட்டை வந்து சவுக்காரம் போட்டுத் தோய்ச்சும் கறை போகேல்லை. ஒரே மரம்தான், ரெண்டு பக்கமும் ரெண்டு மாதிரி.

மரம் எங்கயும் ஓடாது, வாற காத்தை எல்லாம் நிண்ட இடத்திலயே வாங்கும். அதாலதான் பழைய கொம்பியூட்டர், போன் உடைச்சு எரிக்கிற இடங்களில சுத்திவர நிக்கிற மரத்தின்ர இலையையும் பட்டையையும் லாப்பில குடுத்து ஈயம், செம்பு, கட்மியம் மாதிரி உலோகங்கள் எவ்வளவு எண்டு பாக்கினம், சீனாவில இது நல்லா நடந்திருக்கு. பிளாஸ்ரிக் தீப்பிடிக்காமல் இருக்கக் கலக்கிற புறோமின் சாமான் பட்டையில இருக்கிற மெழுகுத்தன்மையில ஒட்டிக்கொண்டு கனகாலம் கிடக்கும். இலையில இருக்கிறது சில மாசத்துக் கணக்கு, பட்டையில இருக்கிறது வருசக் கணக்கு. காத்தில இருக்கிற அழுக்கை அளக்கிற மெசினுக்குக் காசும் வேணும் கரண்டும் வேணும், வேம்பு எங்கட வளவுகளில ஏற்கெனவே நிக்குது. ஆனா கறுப்பைக் கண்ட உடனே ஈயம் எண்டு சொல்லக்கூடாது, வெறும் புகைக்கரியாவும் இருக்கலாம், தூரத்தில நல்ல இடத்தில நிக்கிற இன்னொரு வேம்பில இருந்தும் இலை எடுத்து ரெண்டையும் சேத்துச் சோதிச்சால்தான் தெரியும்.

எனக்குப் பயம் வந்தது வேற ஒண்டைப் பாத்து. அந்தப் பீப்பாச் சாம்பலைக் கோழியள் கிளறிக்கொண்டு நிண்டதுகள். வயருக்கு மேல இருக்கிற பிவிசி பிளாஸ்ரிக்கில குளோரின் இருக்கு, செம்போட சேத்து எரிச்சா டயொக்சின் எண்ட கடும் நஞ்சு வரும், அது முட்டையில போய்ச் சேரும். கானாவில அக்ராவுக்குள்ள அக்பொக்ப்ளோசி எண்ட இடத்தில இப்பிடித்தான் வயர் எரிச்சவை, அங்க திரிஞ்ச கோழியின்ர முட்டையில டயொக்சின் பயங்கரக் கூடவா இருக்கு எண்டு 2019 இல அறிக்கை வந்தது.

பொடியனிட்டைச் சொன்னன், "தம்பி, கொழுத்தாமல் உரிச்சு வித்தா மினுங்குற செம்புக்கு விலை கூடவெல்லோ?" எண்டு. "ஓம் அண்ணை, ஆனா ஒரு சாக்கு உரிக்க அரை நாள் போகும், கொழுத்தினா பத்து நிமிசம்" எண்டான். அவனில பிழை பிடிக்க மனம் வரேல்லை, உரிக்கிற மெசின் ஒண்டு முதலாளி வாங்கிக் குடுத்தா முடியிற விசயம். சுற்றாடல் அதிகாரசபை லைசன்ஸ் இருக்கோ எண்டதுக்கு மட்டும் பதில் வரேல்லை.

இரும்பு, தகரம், அலுமினியம் எண்டா தாராளமாக் கொண்டு போங்கோ, நானும் போவன். வயர், ரீவி, கொம்பியூட்டருக்குள்ள இருக்கிற சேர்க்கிட் போட் ஒண்டும் இப்போதைக்கு அங்க குடுக்காதேங்கோ, இந்த மாதிரிப் பின்பக்கம் பெருத்த ரீவியின்ர பின்கண்ணாடியில ஈயம் இருக்கு, செம்புச் சுருளுக்காக அதை உடைச்சுப்போட்டுக் கண்ணாடியை வளவிலயே எறியினம். நான் யூபிஎஸ் தகரத்தை மட்டும் குடுத்துட்டு மற்றதைத் திருப்பி ஓட்டோவில ஏத்திக்கொண்டு வந்துட்டன், ஓட்டோக் காசு நட்டம்தான். வவுனியாப் பக்கமோ முல்லைத்தீவிலயோ லைசன்ஸோட எடுக்கிற ஆக்கள் இருந்தா சொல்லுங்கோ, சாக்கு இன்னும் கொட்டிலுக்கதான் கிடக்கு.