அடைப்பதா, மாற்றுவதா: பழைய லாரியின் ஈ.ஜி.ஆர். கூலர்

மணலியிலிருந்து துறைமுகத்துக்குக் கன்டெய்னர் இழுக்கும் எங்கள் 2018-ஆம் ஆண்டு பி.எஸ்.4 (அப்போதைய புகைக் கட்டுப்பாட்டுத் தரம்) லாரியில், வெளியே ஒரு சொட்டுக் கசிவும் தெரியாமல் எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் மட்டும் குறைந்துகொண்டே வந்தது. காலையில் கிளப்பும்போது வெண்புகையும் கண்டதால் எஞ்சினின் மேல்மூடிக்கு அடியிலுள்ள ஹெட் கேஸ்கெட் போய்விட்டது என்றே அஞ்சினோம். கழற்றிப் பார்த்தபோது ஓட்டை விழுந்திருந்தது ஈ.ஜி.ஆர். கூலரில், அதாவது எஞ்சினுக்குள் திருப்பி அனுப்பும் கழிவுப் புகையைக் கூலன்ட் கொண்டு குளிர்விக்கும் பாகத்தில். மாதவரத்து மெக்கானிக் மூன்று வழிகளைச் சொன்னார்: அந்தப் புகைப் பாதையைத் தகடு வைத்து அடைத்துவிடுவது, பழைய உதிரிபாகங்கள் விற்கும் புதுப்பேட்டையில் பழைய கூலர் வாங்கிப் போடுவது, புதிதாகவே மாற்றுவது. நாங்கள் புதிதாக மாற்றினோம்.

புதுப்பேட்டைக் கூலர் விலை மலிவு என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அதன் உள்குழாயின் நிலை கண்ணுக்குத் தெரியாது. வாங்கித்தான் ஆக வேண்டுமென்றால் காற்றழுத்தம் கொடுத்துத் தண்ணீரில் அமிழ்த்திப் பார்த்து வாங்குங்கள்.

தகடு அடிப்பவர்களின் வாதத்தில் உண்மை இல்லாமல் இல்லை. துறைமுக வரிசையில் மணிக்கணக்கில் எஞ்சின் ஐடிலில் ஓடுவதால், அந்தப் புகையைத் திறந்து மூடும் ஈ.ஜி.ஆர். வால்வில் கரி அப்புகிறது. அடைத்துவிட்டால் அந்தத் தொல்லை போகும். கரும்புகை குறைவதால், டீசல் வண்டிகளில் புகையின் அடர்த்தியை மட்டும் அளக்கும் புகைச் சான்றும் எளிதில் கிடைத்துவிடும். ஆனால், குளிர்ந்த கழிவுப் புகையில் ஒரு பங்கைச் சிலிண்டருக்குத் திருப்பி அனுப்பி, எரிதலின் வெப்பத்தைத் தணித்து நைட்ரஜன் ஆக்சைடுகளைக் குறைப்பதுதான் ஈ.ஜி.ஆரின் வேலை. அந்த வாயுவைப் புகைச் சான்றுச் சோதனை அளப்பதே இல்லை. மைலேஜ் கூடியது என்பவர்களும் பொய் சொல்லவில்லை. கரி பிடித்துத் திறந்தபடி நின்ற வால்வை அடைத்தால் கூடத்தான் செய்யும், சுத்தம் செய்தாலும் அதே அளவு கூடியிருக்கும்.

எங்கள் முடிவைத் தீர்மானித்தது வேறொன்று. தகடு மட்டும் வைத்தால் வேலை முடிவதில்லை; காற்றோட்டக் கணக்கு ஒத்துவராததை எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈ.சி.எம். கண்டுகொண்டு செக் லைட்டை எரியவிடும், பல வண்டிகளில் இழுவையையும் குறைத்துவிடும். எனவே அடுத்து மேப்பிங் செய்பவரை, அதாவது அந்தக் கணினியின் மென்பொருளைத் திருத்துபவரை அழைத்து, ஈ.ஜி.ஆர். பற்றிய எச்சரிக்கைகளை மென்பொருளிலிருந்தே நீக்க வேண்டும். அவர் அதோடு வேறு எதை நீக்கினார், எந்த அளவுகளைத் திருத்தினார் என்பதற்கு எழுத்தில் எதுவும் கிடைப்பதில்லை. பிறகு ஒருநாள் நடுவழியில் வண்டி இழுக்காமல் நின்றால், ஸ்கேனரில் கோளாறு எதுவும் இல்லை என்று வருவதை எந்த மெக்கானிக் நம்புவார்? விற்கும்போதும் இதே சிக்கல்தான். வாங்க வருபவர் இப்போது ஸ்கேனரோடுதான் வருகிறார், மூல மென்பொருள் இல்லாத ஈ.சி.எம்மைக் கண்டால் அதை மாற்றும் செலவை விலையில் கழிக்கிறார்.

சட்டமும் சாதகமாக இல்லை. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 182ஏ(4) பிரிவின்படி, அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம்.

புதிய கூலருக்குப் புதுப்பேட்டைப் பழைய கூலரின் விலையைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு கொடுத்தோம். அந்த மாத லாரித் தவணைக்குக் கடன் வாங்க நேர்ந்ததையும் மறைக்கவில்லை. மாற்றிப் பதினொரு மாதங்களே ஆவதால், அதன் ஆயுளைப் பற்றி அடித்துச் சொல்லும் அனுபவம் எனக்கில்லை. இரண்டு ஆயில் சர்வீஸுக்கு ஒருமுறை வால்வைக் கழற்றிக் கரியைச் சுரண்டுகிறோம், வரிசை நகராதபோது எஞ்சினை அணைத்துவிடுமாறு ஓட்டுநரிடம் சொல்லியிருக்கிறோம். வெயில் காலத்தில் மட்டும் அவர் கேட்பதில்லை.