பால் கக்கும் குழந்தையும் மூன்று பதில்களும்

பால் கக்கும் கைக்குழந்தையை மல்லாத்திப் படுக்க வைத்தால் புரையேறாதா என்ற கேள்வி நள்ளிரவில் எழும்போது, இன்றைய பெற்றோர் நாடக்கூடியவை மூன்று: சாட்பாட், மருத்துவ அமைப்புகளின் வழிகாட்டுதல், குழந்தை மருத்துவர்.

நேராகக் கேட்டால், மல்லாத்திப் படுக்க வைப்பதே பாதுகாப்பு என்று சாட்பாட் பெரும்பாலும் சரியாகவே சொல்கிறது. மல்லாந்த நிலையில் மூச்சுக்குழல் உணவுக்குழலுக்கு மேலே இருப்பதால், கக்கிய பால் எளிதில் மூச்சுக்குழலுக்குள் புகாது என்ற காரணத்தையும் நல்ல தமிழில் விளக்கிவிடுகிறது. இந்த ஒன்றில் ஆங்கில வழிகாட்டுதல்களை விட அதற்கே நான் முதலிடம் தருவேன்.

சிக்கல் அடுத்த கேள்வியில் தொடங்குகிறது. “சாய்த்து வைத்தால்தான் தூங்குகிறான், என்ன செய்வது?” என்று களைத்துப்போன தாய் தட்டச்சு செய்தால், கேட்பவரின் விருப்பத்துக்கு இசைந்துபோகும் இயல்புள்ள சாட்பாட், சிறிது சாய்வு பரவாயில்லை என்று இளகிவிடக்கூடும். அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகத்தின் 2022 வழிகாட்டுதல் அப்படி இளகுவதில்லை. 10 பாகைக்கு மேல் சாய்ந்த எதுவும் தூங்குமிடமாகப் பாதுகாப்பானதன்று என்கிறது. சாய்வான குழந்தைப் படுக்கைகளின் விற்பனையையே அமெரிக்கச் சட்டம் அதே ஆண்டில் தடை செய்தது. ஆனால் அவற்றைப் புகழ்ந்து முன்பு எழுதப்பட்டவை இணையத்திலிருந்து மறையவில்லை. சாட்பாட் கற்றது பழையதும் புதியதும் கலந்த அந்தக் குவியலில்தான். இணையத்தில் தேடிப் பதில் தரும் வகை இதில் சற்று மேல் என்றாலும், அது திறந்து பார்த்தது மருத்துவ அமைப்பின் பக்கமா, தொட்டில் விற்பவரின் பக்கமா என்பதை நாம்தான் பார்க்க வேண்டும்.

வழிகாட்டுதல்களுக்குள்ளும் வேறுபாடு உண்டு. ஒரே அறையில், ஆனால் தனிப் படுக்கையில் என்பது அமெரிக்கக் கழகத்தின் நிலை. குழந்தைகளின் பாதுகாப்பான தூக்கத்துக்காக இயங்கும் பிரிட்டன் தொண்டு அமைப்பான லல்லபை டிரஸ்ட், பெற்றோர் பலர் குழந்தையைத் தம்முடன் படுக்க வைப்பதை ஏற்றுக்கொண்டு, அதில் ஆபத்தைக் குறைக்கும் வழிகளைக் கூறுகிறது. புகைப்பவரும் மது அருந்தியவரும் அவ்வாறு செய்யவே கூடாது, குறைமாதக் குழந்தைக்கும் அது ஆகாது என்று எல்லையும் வகுக்கிறது. சாட்பாட் இவ்விரண்டையும் ஒரே பத்தியில் குழைத்து, எல்லையை மட்டும் நழுவவிட்டால், ஒவ்வொரு வாக்கியமும் உண்மையாக இருந்தும் மொத்த அறிவுரை ஆபத்தாகிவிடும். அப்பட்டமான பிழையைவிட இதற்குத்தான் நான் அதிகம் அஞ்சுகிறேன்.

நம் வீட்டுத் தூளி இந்த ஆங்கில ஆவணங்களில் பெயராக இல்லாவிட்டாலும் விதியாக இருக்கிறது: உறுதியான, சமதளமான பரப்பு. துணி வளைந்து தாடை மார்பில் அழுந்தும் தூளி அந்த அளவுகோலில் தேறாது. தாலாட்டு மரபைப் பற்றிச் சாட்பாட் எத்தனை இனிமையாக எழுதினாலும் இது மாறாது.

மருத்துவரை இரவு இரண்டு மணிக்கு எழுப்ப முடியாதுதான். ஆனால் குழந்தை கக்குவது வெறும் பாலா, பச்சை நிறப் பித்தமா, எடை ஏறுகிறதா என்று பார்த்துச் சொல்ல மற்ற இரண்டாலும் இயலாது. பச்சையாகக் கக்கினால் விடியும்வரை காத்திருக்கவும் கூடாது.