வாரத்தில் ஆறு நாள் மட்டும்: அட்லான்டாவின் சிக்-ஃபில்-ஏ

அட்லான்டாவுக்குப் புதிதாக வேலைக்கு வரும் தமிழர்களில் பலருக்கு, சிக்-ஃபில்-ஏ உணவகத்தின் ருசி தெரிவதற்கு முன்பே அதன் ஞாயிறு விடுமுறை தெரிந்துவிடுகிறது. பசியோடு போய், ஒரு கார்கூட இல்லாத வாகன நிறுத்தத்தையும் விளக்கணைந்த கடையையும் பார்த்துத் திரும்புவது இங்கே சகஜம்.

இவ்வழக்கம் 1946-இலிருந்து தொடர்கிறது. நகரை ஒட்டிய ஹேப்வில்லில் சிக்-ஃபில்-ஏவின் நிறுவனர் ட்ரூயட் கேத்தி தம் சகோதரருடன் தொடங்கிய முதல் உணவகமான டுவார்ஃப் கிரில், வாரத்தில் ஆறு நாள் இரவும் பகலும் இயங்கியது. ஏழாவது நாளில் தமக்கும் தம்மிடம் வேலை செய்வோருக்கும் ஓய்வு வேண்டும், விரும்புவோர் ஆராதனைக்குப் போக வேண்டும் என்று பாப்டிஸ்ட் விசுவாசியான கேத்தி முடிவு செய்தார். இன்-என்-அவுட் என்ற பர்கர் நிறுவனம் தன் கோப்பையின் அடியில் 'யோவான் 3:16' என்று வேத வசனத்தின் எண்ணை அச்சிடுகிறது. அதற்கு மை மட்டுமே செலவு. வார இறுதியின் ஒரு நாள் விற்பனையை விட்டுக்கொடுப்பதற்கு ஆகும் செலவு வேறு. அட்லான்டாவின் மெர்சிடிஸ்-பென்ஸ் மைதானத்திலும் சிக்-ஃபில்-ஏவுக்குக் கடை உண்டு. உள்ளூர் அமெரிக்கக் கால்பந்து அணியான ஃபால்கன்ஸின் ஆட்டங்கள் பெரும்பாலும் ஞாயிறன்றுதான் நடக்கும் என்று தெரிந்தும் அந்த நாளில் திறப்பதில்லை.

எனினும் இது கல்லில் பொறித்த சட்டமன்று. 2017 டிசம்பரில் ஒரு ஞாயிறன்று அட்லான்டா விமான நிலையம் முழுவதும் மின்சாரம் போய் ஆயிரக்கணக்கான பயணிகள் தவித்தபோது, நகர நிர்வாகம் கேட்டுக்கொண்டதை ஏற்று அன்றிரவே சமைத்துக் கொடுத்தார்கள். ஓய்வுநாள் மனுஷனுக்காகவே உண்டானது என்பதை உணர்ந்தவர்களின் செயலாகவே அதை நான் பார்க்கிறேன்.

இனி உணவு, அதாவது இங்கே பேர்போன சிக்கன் சாண்ட்விச். வெண்ணெய் தடவி வாட்டிய பன், கடலை எண்ணெயில் பொரித்த எலும்பில்லாத கோழி நெஞ்சுக்கறி, இரண்டே இரண்டு வெள்ளரி ஊறுகாய் வில்லைகள், வேறொன்றும் இல்லை. கறி உள்வரை ஈரப்பதத்தோடு இருக்கிறது. நம் நாக்குக்குக் காரம் போதாது; ஸ்பைசி என்று கேட்டு வாங்குவது உத்தமம். மதிய நேரத்தில் கார் வரிசை சாலைவரை நீண்டாலும், பணியாளர்கள் டேப்லட்டோடு வெளியே வந்து கார் காராக ஆர்டர் எடுப்பதால் வரிசை விரைவாகவே நகர்கிறது. நன்றி சொன்னால் 'மை பிளஷர்' என்று பதில் வரும். பயிற்சியில் கற்பித்ததுதான் என்றாலும் காதுக்கு இதமாகவே இருக்கிறது.

1982-இல் வியாபாரம் நெருக்கடியில் சிக்கியபோது, தங்களிடம் ஒப்புவிக்கப்பட்ட யாவற்றுக்கும் உண்மையுள்ள உக்கிராணக்காரராயிருந்து (பொறுப்பாளராயிருந்து) தேவனை மகிமைப்படுத்துவதே நிறுவனத்தின் நோக்கம் என்று நிர்வாகிகள் கூடி எழுதிவைத்தார்கள்; அவ்வாண்டு கேத்தி சம்பளம் எடுத்துக்கொள்ளவில்லை. எழுதிய வாசகத்தைவிட எடுக்காத சம்பளமே எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. கடையை ஏற்று நடத்துபவரைத் தேர்ந்தெடுக்கும் முறையிலும் அதே மனப்போக்கு உண்டு: 10,000 டாலர் கட்டினால் போதும், இடத்தையும் கட்டடத்தையும் நிறுவனமே தருகிறது, ஆனால் அவர் அன்றாடம் கடையில் நின்று வேலை பார்க்க வேண்டும். முதலீட்டாளராக ஒதுங்கியிருந்து லாபம் வாங்க நினைப்பவருக்கு இங்கே இடமில்லை. லாபத்தில் பாதியை நிறுவனம் எடுத்துக்கொள்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். இது தர்மமன்று, கணக்குத் தெரிந்த வியாபாரம்.

எல்லாருக்கும் இந்த விசுவாசம் ஒரே முகத்தைக் காட்டியதில்லை. ஒருபாலினத் திருமணத்துக்கு எதிராக 2012-இல் நிறுவனரின் மகன் டேன் கேத்தி பேசியதாலும், அதே நிலைப்பாடுள்ள அமைப்புகளுக்கு நிறுவனத்தின் அறக்கட்டளை நன்கொடை கொடுத்ததாலும் புறக்கணிப்புப் போராட்டங்கள் நடந்தன. அதற்காக இன்றும் இக்கடைப் படி ஏறாதவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் போய் சாண்ட்விச்சின் ருசியைச் சொல்லி வாதாட நான் தயாரில்லை.

முதன்முறை போகிறவர்கள் காலை 10:30-க்குள் போனால் சிக்கன் பிஸ்கட் (மென்மையான அமெரிக்க பன்னுக்குள் கோழிக்கறி வைத்தது) கிடைக்கும். கூட்டமும் அப்போது குறைவு.