சுட்டியும் சீப்பும் பல் பிரஷும்: இரண்டு வருடக் கணக்கு

ஹட்டனில் மே மாதம் மழை பிடித்தால் செப்டெம்பர் வரை கொடியில் போட்ட துணியே காய்வதில்லை. பொமரேனியன் நாயின் முடி எங்கே காயும்? எங்கள் சுட்டிக்குக் காதின் பின்புறம் சிக்குப் பிடித்து, கம்பளித் துண்டை ஒட்டிவைத்ததுபோல் ஆகிவிடும். தேயிலை மலைப்பக்கம் போய்வந்தால் விரலிடுக்கில் அட்டை வேறு.

முதல் 3 மாதம் அமுக்கிப் பிடித்துத்தான் செய்தோம். தம்பி தலையைப் பிடிப்பான், நான் சிக்கெடுப்பேன். வேலை முடிந்தது, ஆனால் பிறகு சீப்பு இருக்கும் லாச்சியை இழுத்தாலே சுட்டி கட்டிலுக்கடியில் ஓடிவிடும். ஒருநாள் என் கட்டைவிரலில் பல் பதிந்தது. மஞ்சள் வைத்துக்கட்ட வந்த அம்மாயி, "உன்னை இரண்டு பேர் அமுக்கிப் பிடித்துத் தலை சீவினால் நீ கடிக்கமாட்டாயா?" என்றார். ஊசி போடப் போன வழியெல்லாம் அதுவே காதில் கேட்டது.

புதிதாகத் தொடங்கினோம். முக்காலியில் மடித்த துவாய். அதில் சுட்டி நாடியை வைத்தால், சுண்டுவிரல் நகமளவு அவித்த கோழி ஈரல். நாடி துவாயில் இருக்கும்வரைதான் என் கை போகும்; தலையைத் தூக்கினால் கையை எடுத்துவிடுவேன். முதல் வாரம் சீப்பைத் தொடவேயில்லை. இரண்டாம் வாரம் சீப்பின் முதுகால் ஒரே ஒரு தடவல். ஒரு மாதத்தில் தானாகவே வந்து நாடியை வைத்துக்கொண்டு ஈரல் கிண்ணத்தை முறைக்கத் தொடங்கிவிட்டது. சிக்கைக் குளிப்பாட்டுமுன் எடுத்துவிட வேண்டும், நனைந்தால் இறுகிவிடும். முடியின் அடியை விரலால் பிடித்துக்கொண்டு நுனியிலிருந்து பிரித்தால் தோல் இழுபடாது.

பல்லுக்கு, விரலில் மாட்டும் சிலிக்கோன் பிரஷ் வாங்கினேன். பழக்குவதற்கு நல்லது, சுத்தம் செய்யப் போதாது. ஈறோரத்துக்குக் குழந்தைகளின் மென்மையான பிரஷே சரி. நம் பற்பசை கூடவே கூடாது: நாய் துப்பாது, விழுங்கும், சிலவற்றில் இருக்கும் சைலிட்டோல் நாய்க்கு நஞ்சு. நாய்களுக்கென்றே கோழிச் சுவையில் பசை இருக்கிறது. வாயைப் பிளக்க வேண்டியதில்லை. உதட்டைத் தூக்கி வெளிப்புறத்தை மட்டும் தேய்த்தால் போதும். மேல்தாடையின் பெரிய கடைவாய்ப் பல்லில்தான் அழுக்கு அதிகம் படிகிறது. அந்தச் சின்னத் தாடைக்குள்ளும் 42 பற்கள் நெருக்கியடித்து நிற்பதால் ஈறு சீக்கிரம் கெடும்.

நாங்கள் தொடங்குமுன்பே கல்லாக உறைந்திருந்த பழுப்புக் கறை எந்தப் பிரஷுக்கும் அசையவில்லை. வைத்தியர் மயக்கமருந்து கொடுத்துத்தான் எடுத்தார். அதிலிருந்து ஒவ்வோர் இரவும் அரை நிமிடம் தேய்க்கிறேன். முத்தமிட வரும்போது மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டியதில்லை.

நகத்தில் மட்டும் இன்னும் தோல்விதான். கறுப்பு நகம், உள்ளே இரத்தநாளம் எங்கே முடிகிறதென்று தெரியாது. ஒருமுறை ஆழமாக வெட்டி இரத்தம் வந்ததைச் சுட்டி மறக்கவில்லை. மொத்தம் 18 நகம், நாளைக்கு ஒன்றுதான், அதுவும் நுனியைச் சீவுவதோடு சரி. நேற்று இடது பின்னங்காலில் இரண்டாவது நகம். இன்று வெட்டியைப் பார்த்ததும் நாடியைத் தூக்கிவிட்டது. லாச்சிக்குள் திரும்ப வைத்துவிட்டேன்.