வாடகைக்குப் போன சாமான் திரும்பவில்லையா: திருட்டா, நம்பிக்கை மோசடியா, சிவில் வழக்கா?

மன்னார்குடி பக்கம் ஒரு கிராமத்தில் சென்ட்ரிங் சாமான் (கான்கிரீட் காயும்வரை தாங்கிப் பிடிக்கும் சாமான்) வாடகைக்கு விடுகிறேன். இரும்பு ஷீட், ஜாக்கி, சவுக்குக் கம்பு, இரண்டு வைப்ரேட்டர், ஒரு மிக்சர் மெஷின், அவ்வளவுதான் என் சொத்து. 60 ஷீட் போனால் 57 வரும். அந்த மூன்றுக்காக யாரும் சண்டைக்குப் போவதில்லை, அட்வான்ஸில் கழித்துக்கொண்டு விட்டுவிடுவோம். மொத்தமாகப் போய், போனையும் எடுக்காமல், ஆள் கண்ணிலேயே படவில்லை என்றால்தான் 'திருடிட்டான்' என்ற வார்த்தை வாயில் வரும்.

எனக்கும் வந்தது. ஒரு மேஸ்திரி 60 ஷீட் எடுத்துப் போய் 19 கொண்டுவந்து போட்டுவிட்டு மீதியைப் பற்றிப் பேச்சே இல்லாமல் இருந்தார். நேராக ஸ்டேஷனுக்குப் போய் திருட்டு என்று எழுதிக் கொடுத்தேன். படித்துப் பார்த்த ஏட்டையா, "நீங்களே வண்டியில ஏத்திவிட்டிருக்கீங்க, வாடகையும் வாங்கியிருக்கீங்க, இதுல திருட்டு எங்க வருது? இது சிவில் மேட்டருங்க" என்று காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவரைத் திட்டிக்கொண்டே வந்தேன். அப்புறம் தங்கை மகன் (கும்பகோணத்தில் வக்கீல்) விளக்கியபோதுதான் தெரிந்தது, அவர் சொன்னதில் முதல் பாதி சரி, இரண்டாம் பாதி தப்பு.

திருட்டு என்றால் என் வசத்தில் இருக்கும் பொருளை என் சம்மதம் இல்லாமல், நேர்மையற்ற எண்ணத்தோடு எடுத்துப்போவது. இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதாவில் 303-வது பிரிவு, பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 378. வாடகைக்கு விட்டவன் சம்மதத்தோடுதான் கொடுத்திருக்கிறான், பொருள் அவன் வசத்திலும் இல்லை. 1860-ல் எழுதிய சட்டத்திலேயே இதற்கு ஓர் உதாரணம் இருக்கிறது: ஊருக்குப் போகிறவர் தன் வெள்ளிப் பாத்திரங்களைக் கிடங்குக்காரரிடம் ஒப்படைக்கிறார், கிடங்குக்காரர் அதைத் தட்டானிடம் விற்றுவிடுகிறார், இது திருட்டு இல்லை, ஏனென்றால் பாத்திரம் சொந்தக்காரர் வசத்தில் இல்லை, ஆனால் நம்பிக்கை மோசடியாக இருக்கலாம். வெள்ளிப் பாத்திரத்துக்குப் பதில் சென்ட்ரிங் ஷீட், தட்டானுக்குப் பதில் பழைய இரும்புக் கடை என்று போட்டுக்கொண்டால் அது என் கதையேதான்.

அமெரிக்காவில் வாடகைச் சாமானைத் திருப்பாவிட்டால் திருட்டு வழக்கே போடுகிறார்களே என்று உறவுக்காரர் ஒருவர் கேட்டார். போடுகிறார்கள். கலிபோர்னியாவில் எழுதிய ஒப்பந்தம் இருந்து, கெடு முடிந்த பிறகு பதிவுத் தபாலில் கேட்டு, அதற்கப்புறம் பொருளைப் பொறுத்து 10 அல்லது 20 நாளுக்குள் தராவிட்டால் திருடும் எண்ணம் இருந்ததாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று காட்டும் வேலை வாடகைக்கு எடுத்தவருடையது. நம் சட்டத்தில் அப்படி ஒரு நாள் கணக்கு கிடையாது. அந்த ஊர் வீடியோவைப் பார்த்துவிட்டு இங்கே ஸ்டேஷனுக்குப் போனால் என்னைப் போலத்தான் திரும்பி வர வேண்டும்.

ஆனால் வாடகைத் தொழிலில் திருட்டுப் பிரிவு பொருந்தும் இடமும் உண்டு. அறுவடை மெஷினை எடுத்துக்கொள்ளுங்கள். தை மாதம் சம்பா அறுப்புக்கு வரும் பெல்ட் மெஷின் டிரைவரோடுதான் வரும். டிரைவர் சம்பள ஆள், அவர் கையில் இருப்பது முதலாளி வசத்தில் இருப்பதாகத்தான் சட்டத்தில் கணக்கு, அதனால் வயலில் நிற்கும் மெஷினின் பேட்டரியை ராத்திரி யாராவது கழற்றிப்போனால் அது சுத்தமான திருட்டு. அதே மாதிரி, சொல்லாமல் கொள்ளாமல் என் கொட்டகையிலிருந்து மெஷினை இழுத்துப்போய்விட்டு "நாலு நாள்ல கொண்டாந்து விட்டிருப்பேன்ல" என்று சொன்னாலும் தப்பிக்க முடியாது. ஜோத்பூரில் பயிற்சியில் இருந்த ஒருவர் அனுமதி இல்லாமல் விமானத்தையே ஓட்டிப்போன வழக்கில், தற்காலிகமாக எடுத்தாலும் திருட்டுதான் என்று 1957-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

நம் விவகாரத்துக்கு நேரான பிரிவு 316, நம்பிக்கை மோசடி. ஒப்படைத்த பொருளை நேர்மையற்ற எண்ணத்தோடு தனதாக்கிக்கொள்வது, விற்பது, ஒப்பந்தத்தை மீறிக் கைமாற்றுவது எல்லாம் இதில் வரும். தண்டனையைப் பார்த்தாலும் இதுதான் கனம்: சாதாரணத் திருட்டுக்கு அதிகபட்சம் 3 ஆண்டு, நம்பிக்கை மோசடிக்கு 5 ஆண்டு. (2024 ஜூலை 1-க்கு முன்னால் நடந்தது என்றால் பழைய 406, அதில் 3 ஆண்டுதான்.) இன்னொரு லாபம், பலர் கவனிக்காதது: திருடிய பொருளை வாங்கியவரைப் பிடிக்கும் 317-வது பிரிவில், நம்பிக்கை மோசடியில் கைமாறிய பொருளும் 'திருட்டுப் பொருள்' கணக்கில்தான் சேரும். பழைய இரும்புக் கடைக்காரரைப் பிடிக்கவேண்டும் என்பதற்காகத் திருட்டு என்று பொய்யாக எழுத வேண்டிய அவசியமே இல்லை.

சிரமம் எங்கே என்றால், தாமதம் வேறு, நேர்மையற்ற எண்ணம் வேறு. டெல்டாவில் இந்த வித்தியாசம் ரொம்ப முக்கியம் என்று நினைக்கிறேன். ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டால் கான்கிரீட் போட முடியாது, ஷீட் மேலேயே கிடக்கும். வீடு கட்டுகிறவர் நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்டுவிட்டுப் பணத்துக்குக் காத்திருப்பார், அவர் மேஸ்திரிக்குத் தரவில்லை, மேஸ்திரி எனக்குத் தரவில்லை. வாடகை பாக்கி நிற்பதாலேயே என் முகத்தைப் பார்க்கக் கூசிக்கொண்டு சாமானையும் திருப்பாமல் இருப்பவர்கள் நிறையப் பேர். இவர்கள் மேல் கிரிமினல் கேஸ் கொடுத்தால் நிற்காது, கொடுக்கவும் கூடாது. விற்றுவிட்டார், வேறு சைட்டுக்கு உள்வாடகைக்கு விட்டுவிட்டார், வாங்கவே இல்லை என்று சாதிக்கிறார் என்றால் கதை வேறு. அதைக் காட்டக் காகிதம் வேண்டும்: எண்ணிக்கையும் திருப்பும் தேதியும் போட்டுக் கையெழுத்து வாங்கிய சிட்டை, அதன் பிறகு பதிவுத் தபாலில் அனுப்பிய நோட்டீஸ்.

அடுத்தது ஏமாற்றுதல், 318(4), அதிகபட்சம் 7 ஆண்டு. எண் பெரிதாக இருப்பதால் எல்லாருக்கும் இதன் மேல் ஆசை, இதன் பழைய எண்ணான 'நானூத்தி இருபது' என்று சொன்னாலே ஒரு திருப்தி. ஆனால் ஆரம்பத்திலேயே பொய் சொல்லி வாங்கியிருந்தால்தான் இது செல்லும். சட்டத்தில் உள்ள அவுரி உதாரணம் இதற்குத்தான்: அவுரிச் செடி தருவதாகச் சொல்லி முன்பணம் வாங்கும்போதே தரும் எண்ணம் இல்லை என்றால் ஏமாற்று, அப்போது எண்ணம் இருந்து பின்னால் வாக்குத் தவறினால் வெறும் சிவில் வழக்கு. என்னிடம் மிக்சர் மெஷின் எடுத்துப்போன ஒருவர் கொடுத்த ஆதார் நகலில் இருந்த விலாசத்தில் அப்படி ஒரு ஆளே இல்லை. அங்கே 318 சரி. மேஸ்திரி அப்படி இல்லை, பத்து வருஷப் பழக்கம், வீடு தெரியும்.

எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டு பிரிவையும் சேர்த்து எழுதும் பழக்கம் நிறையப் பேருக்கு இருக்கிறது. 2024 ஆகஸ்டில் டெல்லி ரேஸ் கிளப் வழக்கில், ஒரே சம்பவத்துக்கு நம்பிக்கை மோசடியும் ஏமாற்றுதலும் சேர்ந்து நிற்காது என்று உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. நம்பி ஒப்படைத்தேன் என்கிறீர்களா, பொய்யில் விழுந்தேன் என்கிறீர்களா, ஒன்றைச் சொல்லுங்கள் என்பதுதான் அதன் சாரம்.

கிரிமினல் பாதையில் யாரும் முன்கூட்டிச் சொல்லாத ஒன்று, பொருள் கிடைத்த பிறகும் உங்கள் கைக்கு உடனே வராது. மிக்சர் மெஷினைப் போலீஸ் கண்டுபிடித்துவிட்டது, அதற்கு நன்றி. ஆனால் அது வழக்குச் சொத்து. மாஜிஸ்திரேட் கோர்ட்டில் மனுப் போட்டு, பில் காட்டி, பிணைப் பத்திரம் எழுதிக் கொடுத்து வாங்குவதற்குள் ஒரு மழைக்காலம் முழுக்க ஸ்டேஷன் வாசலில் நனைந்தது. இப்படிப்பட்ட பொருள்களை நாள்கணக்கில் போட்டு வைக்காமல் சீக்கிரம் ஒப்படைக்க வேண்டும் என்று சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் 2002-லேயே தீர்ப்பு இருக்கிறது. டிரம்மில் பிடித்த துருவுக்கு அது தெரியவில்லை.

சிவில் வழக்கு பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பொருளையே திருப்பிக் கேட்கலாம், இல்லையென்றால் அதன் மதிப்பைக் கேட்கலாம், 3 ஆண்டுக்குள் போட வேண்டும், தமிழ்நாட்டில் கோர்ட் ஃபீ 3 சதவீதம். ரோட்டவேட்டர், மெஷின் என்றால் யோசிக்கலாம். 41 ஷீட்டுக்கு வாய்தா வாய்தாவாக நடந்தால் பஸ் காசும் வக்கீல் பீசும் ஷீட் விலையைத் தாண்டிவிடும். அதைவிட, கோர்ட் வளாகத்திலேயே இருக்கும் தாலுகா சட்டப் பணிகள் குழுவில் மனுக் கொடுத்து லோக் அதாலத்துக்கு (மக்கள் நீதிமன்றம்) அழைப்பது மேல். செலவில்லை, அங்கே எழுதிய சமரசத்துக்குக் கோர்ட் தீர்ப்பாணையின் பலம் உண்டு, அப்பீலும் கிடையாது. ஒரே குறை, எதிராளி வந்து உட்கார வேண்டும்.

செக் வாங்கி வைத்துக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள். பவுன்ஸ் ஆனால் 30 நாளுக்குள் நோட்டீஸ், கிடைத்ததும் அவருக்கு 15 நாள், அதற்குப் பிறகு ஒரு மாதத்துக்குள் வழக்கு. பணத்துக்கு இது நல்ல பிடி, சாமானுக்கு இல்லை. மேஸ்திரிகளில் பாதிப் பேருக்கு செக் புத்தகமே கிடையாது என்பது தனிக் கதை.

சரி, என் 41 ஷீட். தங்கை மகன் சொன்னபடி இரண்டாவது முறை மனுவை 316 என்று எழுதிக்கொண்டு போனேன், சிட்டை நகலோடு. இந்த முறை வாங்கிக்கொண்டு, மனு வாங்கியதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்தார்கள். 3 ஆண்டு முதல் 7 ஆண்டுக்குள் தண்டனை உள்ள குற்றம் என்றால் டி.எஸ்.பி. அனுமதியோடு 14 நாள் முதல்கட்ட விசாரணை செய்யப் புதுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் வழி இருக்கிறது, அப்படித்தான் கூப்பிட்டு விசாரித்தார்கள். வாங்கவே மறுத்திருந்தால் எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்பிவிட்டு மாஜிஸ்திரேட்டிடம் போயிருக்கலாம்.

மேஸ்திரி வந்தார். "அண்ணே, சைட்ல வெச்சிருந்தது ராத்திரி திருடு போச்சுண்ணே" என்றார். இது எல்லாரும் சொல்வது, சில சமயம் உண்மையும் கூட. வாங்கியவர் தன் பொருளைப் போலவே பார்த்துக்கொண்டும் தொலைந்தது என்றால் ஒப்பந்தச் சட்டப்படி அவர் பொறுப்பில்லை. ஆனால் 161-வது பிரிவு என்ன சொல்கிறது என்றால், திருப்ப வேண்டிய தேதி தாண்டி, அது அவர் தவறும் என்றால், அதற்கப்புறம் பொருளுக்கு என்ன ஆனாலும் அவர்தான் பொறுப்பு. சிட்டையில் தேதி எழுதச் சொல்வது இதற்காகத்தான். நான் ஒன்றே ஒன்று சொன்னேன்: "திருடு போயிருந்தா அது உங்க வசத்துலேருந்து போனது. நீங்களே இங்க உக்காந்து ஒரு திருட்டுப் புகார் எழுதிக் குடுத்துடுங்க." ஏட்டையாவும் பேப்பரை எடுத்து நீட்டினார். மேஸ்திரி பேனாவை வாங்கவில்லை.

நான்காம் நாள் காலையில் கொட்டகைச் சுவரில் ஷீட் சாய்த்து வைத்திருந்தது. எண்ணினேன், 41 சரியாக இருந்தது. 36-ல் என் பச்சை பெயிண்ட் கோடு இருக்கிறது, மீதி ஐந்தில் யாருடையதோ ஆரஞ்சு. கூப்பிட்டுக் கேட்டால் "அட்ஜஸ்ட் பண்ணிக்குங்கண்ணே" என்கிறார். அந்த ஐந்தையும் யாருக்கும் வாடகைக்கு விடாமல் தனியாக அடுக்கி வைத்திருக்கிறேன், 317 என் வாசலுக்கு வந்துவிடக் கூடாதே என்று. நீடாமங்கலம் பக்கம் யாராவது ஆரஞ்சுக் கோடு போடுகிறீர்களா?