‘இடம் கிடைக்காவிட்டால் பணம் வாபஸ்’ என்றார்கள், இடம் கிடைத்துவிட்டது

எம்பிஏ படிக்க எனக்கு ஓரிடம் கிடைத்தது. என் பணம் போனதும் அதனால்தான்.

ஏழு வணிகப் பள்ளிகளுக்கு விண்ணப்பித்தேன். ஆறு மறுத்துவிட்டன. ஏழாவது, விண்ணப்பிக்க உதவுவதற்காக நான் பணம் கொடுத்து அமர்த்திய ஆலோசனை நிறுவனம் பட்டியலில் சேர்க்கும்வரை நான் பெயர்கூடக் கேட்டிராத பள்ளி. விண்ணப்பம் போய்ச் சேர்ந்த பதினோராம் நாள், நேர்காணல் எதுவும் இல்லாமல், ‘உங்களை வரவேற்பதில் மகிழ்ச்சி’ என்று மின்னஞ்சல் அனுப்பியது. அந்த ஒரு மின்னஞ்சலால், நிறுவனத்திடம் கொடுத்திருந்த மூன்று மாதச் சம்பளம் இனி திரும்பாது என்பது முடிவாயிற்று. எப்படி என்பதற்குப் பின்னால் வருகிறேன்.

நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. எழுதினால் அந்த ஒன்றை மட்டும் தவிர்த்துவிட்டு, அதே வித்தையைச் செய்யும் இன்னொன்றின் வாசலில் போய் நிற்பீர்கள். வித்தையைத் தெரிந்துகொள்வதுதான் உபயோகம்.

2024ஆம் ஆண்டின் நடுவில் அவர்களை அணுகினேன். வணிகப் பள்ளிகளுக்கான நுழைவுத் தேர்வான ஜிமேட்டில் வாங்கிய மதிப்பெண் கையில் இருந்தது: 645. வேலைக்குப் போய்க்கொண்டே, இரவில் உட்கார்ந்து, நானே படித்து வாங்கியது. முதல் அழைப்பிலேயே ஆலோசகர் ஒரு பெருமூச்சு விட்டார். “மேடம், எழுநூறுக்குக் கீழே இருந்தால் நல்ல பள்ளிகள் திரும்பிக்கூடப் பார்க்காது” என்றார். எனக்குக் கை நடுங்கியது. மறுநாளே பயிற்சித் தொகுப்புக்கும் சேர்த்துப் பணம் கட்டினேன்.

அவர் சொல்லாமல் விட்டதை இப்போது நான் சொல்கிறேன். ஜிமேட் தேர்வு 2023 நவம்பரில் மாறியது. பழைய வடிவம் 2024 ஜனவரியோடு முடிந்துவிட்டது. பழைய தேர்வின் அளவுகோல் 200 முதல் 800 வரை. புதியதில் 205 முதல் 805 வரை. இரண்டும் ஒரே அளவுகோல் போலத் தோன்றும், அல்ல. புதிய தேர்வின் 645, பழைய தேர்வின் 700க்கு ஏறத்தாழ நிகரானது. தேர்வை நடத்தும் அமைப்பே இரண்டையும் ஒப்பிடும் அட்டவணையை வெளியிட்டிருக்கிறது. அதாவது அவர் பயமுறுத்திய அந்த எழுநூறை நான் ஏற்கெனவே தொட்டிருந்தேன். இது தெரியாமல் ஓர் ஆலோசகர் தொழில் நடத்த முடியாது. தெரிந்தேதான் சொன்னார் என்பது என் எண்ணம்.

இன்னொரு சின்னத் துப்பு. புதிய தேர்வில் மொத்த மதிப்பெண் எதுவானாலும் கடைசி இலக்கம் ஐந்தாகத்தான் இருக்கும்: 605, 615, 625 என்று. ஆனால் இவர்களுடைய விளம்பரத்தில் ‘சென்ற மாதம் எங்கள் மாணவர் பெற்றது 780’ என்று கொட்டை எழுத்தில் இருந்தது. சென்ற மாதம் உலகில் எவரும் 780 வாங்கியிருக்க முடியாது. வேலிக்கு ஓணான் சாட்சி என்பார்களே, இங்கே ஓணானும் கற்பனை.

பயிற்சித் தொகுப்பைத் திறந்தால் பாதிக்கு மேல் வடிவியல் கணக்கும் வாக்கியத் திருத்தமும். இரண்டும் புதிய தேர்வில் இல்லை. கூடவே ‘போன வாரம் தேர்வில் வந்தவை’ என்று ஒரு கேள்விக் கோப்பு. அதை மட்டும் நான் திறக்கவில்லை. நேர்மையால் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான், உண்மையில் பயம். 2008இல் இப்படி நடப்புக் கேள்விகளை விற்ற ஓர் இணையதளத்தின் மீது வழக்குப் போட்டு வென்ற தேர்வு அமைப்பு, அதைப் பயன்படுத்திய 84 பேரின் மதிப்பெண்களை ரத்து செய்தது. விற்றவரோடு மட்டும் அந்த விவகாரம் நிற்கவில்லை என்பது எப்போதோ படித்து மனதில் தங்கியிருந்தது. பயிற்சிக்காகக் கட்டிய பணம் வீண். தேர்வை நான் மறுபடி எழுதவும் இல்லை. அதே 645ஐத்தான் எல்லாப் பள்ளிகளுக்கும் அனுப்பினோம்.

இதுவரை போனது பணம் மட்டும். விண்ணப்பத்தோடு அனுப்ப வேண்டிய கட்டுரைகளில்தான் வேறொன்றும் போயிற்று.

நான் வேலை பார்ப்பது சரக்குக் கிடங்கு ஒன்றின் இருப்புக் கணக்குப் பிரிவில். நான்கு பேர் கொண்ட அணிக்குப் பொறுப்பாளர். இரண்டு ஆண்டுகளுக்கு முன் நான் அடம்பிடித்துக் கொண்டுவந்த ஒரு புதிய கணினி முறை முதல் வாரத்திலேயே படுத்துவிட்டது. திரையில் ஓர் எண், அலமாரியில் வேறோர் எண். ஆறு வாரம் அவர்கள் நால்வரும் நானுமாகக் காகிதமும் பென்சிலுமாக ஒவ்வொரு பெட்டியையும் எண்ணினோம். தவறு என்னுடையது என்று மேலிடத்தில் நானே போய்ச் சொன்னேன். பழைய முறைக்குத் திரும்பினோம். ஆறு மாதம் கழித்து, இந்த முறை அணியினரைக் கேட்டுக் கேட்டு, புதிய முறையைத் துண்டு துண்டாகக் கொண்டுவந்தோம். என் வேலை வாழ்க்கையில் நான் எதையாவது கற்றுக்கொண்டேன் என்றால் அந்த ஆறு வாரத்தில்தான்.

இதை எழுதி அனுப்பினேன். மூன்று வாரம் பதில் இல்லை. பள்ளிகள் விண்ணப்பங்களைச் சுற்றுகளாகப் பிரித்து வாங்குகின்றன. முதல் சுற்றுக்கான கடைசித் தேதிகள் செப்டம்பரில் வந்தன, போயின. “இரண்டாம் சுற்றும் அதே மதிப்புதான் மேடம், பதற்றம் வேண்டாம்” என்று செய்தி. இரண்டாம் சுற்றில் விண்ணப்பிப்பது ஒன்றும் பாவமில்லை. ஏராளமானோர் ஜனவரித் தொடக்கத்தில்தான் அனுப்புகிறார்கள். ஆனால் ஏழு பள்ளிகளின் விண்ணப்பங்களும் ஒரே பதினைந்து நாளுக்குள் வந்து குவியும்போது, எதையும் நிதானமாகப் படித்துப் பார்க்க எனக்கு நேரம் இருக்காது. அவர்களுக்கு வேண்டியதும் அதுவே என்று இப்போது தோன்றுகிறது.

டிசம்பர் கடைசியில் கட்டுரை வந்தது. என் கட்டுரை அல்ல. அதில் நான் பதினான்கு பேர் கொண்ட அணியை வழிநடத்தினேன். கணினி முறை முதல் நாளே வெற்றி. செலவு 30 சதவீதம் குறைந்தது. ஆறு வாரத்தைக் காணோம். பென்சிலைக் காணோம். ‘தோல்வியை யார் காசு கொடுத்துப் படிப்பார்கள்?’ என்று ஓரத்தில் ஒரு குறிப்பு வேறு. அதே தொகுப்பில் ஹார்வர்டுக்கான கட்டுரையும் இருந்தது. 900 சொற்களில், ஒரே நீண்ட கட்டுரையாக. ஹார்வர்ட் அந்தக் கேள்வியை 2024லேயே கைவிட்டு, வணிக நோக்கு, தலைமைப் பண்பு, வளர்ச்சி என்று மூன்று சிறு கட்டுரைகளாக மாற்றிவிட்டது. எவருக்கோ எழுதிய பழைய கட்டுரையை எனக்கு அளவெடுத்துத் தைத்துக்கொண்டிருந்தார்கள்.

ஹார்வர்டுக்கானதை நானே இரண்டு இரவில் எழுதினேன். மற்றவற்றுக்கு நேரமில்லை. எண்களை மாற்றும்படி கேட்டேன். “எல்லாரும் இப்படித்தான் மேடம், யாரும் சரிபார்ப்பதில்லை” என்றார். விண்ணப்பத்தின் கடைசிப் பக்கத்தில் ஓர் உறுதிமொழி இருக்கும்: இதில் உள்ளவை உண்மை, இவற்றை எழுதியது நானே. அங்கே கட்டத்தை அழுத்தியவர் அவர் அல்ல, நான். இந்தப் பதிவில் என்னை நல்லவளாகக் காட்டிக்கொள்ளும் எண்ணம் இல்லை.

யாரும் சரிபார்ப்பதில்லை என்பதும் பொய். சேர்க்கை முடிவான பிறகு வெளி நிறுவனங்களை வைத்து வேலை, பதவி, சம்பளம் எல்லாவற்றையும் சரிபார்க்கும் பள்ளிகள் பல. பொய் என்று தெரிந்தால் கொடுத்த இடத்தையே ரத்து செய்வார்கள். கட்டுரைகளை ஒப்பிடும் மென்பொருளும் புதிதல்ல. 2012இலேயே லாஸ் ஏஞ்சல்ஸின் ஆண்டர்சன் வணிகப் பள்ளி, பிறர் எழுத்தை நகலெடுத்ததாக 50க்கும் மேற்பட்ட விண்ணப்பங்களைத் தள்ளியது. ஒரே வார்ப்பில் நூறு பேருக்கு எழுதித் தரும் இடத்தில் உங்கள் கட்டுரை எத்தனையாவது பிரதி என்று உங்களுக்குத் தெரியப்போவதில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் பிடிவாதமாக இருந்தேன். பரிந்துரைக் கடிதத்தைப் பள்ளிகள் நம்மிடம் கேட்பதில்லை. பரிந்துரைப்பவரின் மின்னஞ்சலுக்கு நேரடியாக ஓர் இணைப்பை அனுப்பி, அவரே நிரப்பச் சொல்கின்றன. நிறுவனம் என் மேலாளர் பெயரில் ஒரு மின்னஞ்சல் முகவரியைத் தொடங்கித் தருவதாகவும், கடிதத்தைத் தானே நிரப்பிவிடுவதாகவும் சொன்னது. மாட்டேன் என்றேன். மேலாளரிடமே போய்க் கேட்டேன். அவரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து எழுதி அனுப்பினார்.

நேர்காணலுக்கு ஒரே ஒரு பள்ளி அழைத்தது. “நேர்காணல் எடுப்பவர் ரெஸ்யூமேயை மட்டும்தான் பார்ப்பார்” என்று ஆலோசகர் தைரியம் சொன்னார். அப்படி நடத்தும் பள்ளிகள் உண்டு. முழு விண்ணப்பத்தையும் படித்துவிட்டு வருபவர்களும் உண்டு; ஹார்வர்டும் எம்ஐடி ஸ்லோனும் அந்த ரகம். எனக்கு வாய்த்தவர் இரண்டாம் ரகம்.

அவர் கடுமையாகவே பேசவில்லை. “பதினான்கு பேர் என்று எழுதியிருக்கிறீர்கள். வேலையை எப்படிப் பிரித்துக் கொடுத்தீர்கள்?” என்றுதான் கேட்டார். இல்லாத பத்துப் பேருக்கு நான் அங்கேயே வேலை கொடுக்க ஆரம்பித்தேன். இரவுப் பணிக்கு ஐந்து, பகலுக்கு ஆறு, மேற்பார்வைக்கு இரண்டு. கூட்டினால் பதின்மூன்று. அவரும் கூட்டிப் பார்த்திருப்பார். “அந்த 30 சதவீதம், எந்தச் செலவில்? எந்த மாதத்தோடு ஒப்பிட்டு?” என்றார். நான் தண்ணீர் குடித்தேன். மீதி நேரத்தில் அவர் கேட்டதும் நான் சொன்னதும் நினைவில் இல்லை. முப்பது நிமிட நேர்காணல் இருபதில் முடிந்தது.

நிராகரிப்பு வந்த அன்று மேலாளரிடம் சொல்லப் போனேன். அவர் என்ன எழுதினார் என்று நான் கேட்கவில்லை, அவராகவே சொன்னார். “அந்த ஆறு வாரத்தைப் பற்றித்தான் எழுதினேன். நான்கே பேரை வைத்துக்கொண்டு, நீங்களும் தரையில் உட்கார்ந்து பெட்டி எண்ணியதை. தப்பு என்னுடையது என்று வந்து சொன்னீர்களே, அதையும். நீங்களும் அதைத்தானே எழுதியிருப்பீர்கள்?” நான் தலையாட்டிவிட்டு வந்தேன். ஒரே கோப்பில் ஒரு பக்கம் நான்கு பேர், இன்னொரு பக்கம் பதினான்கு பேர். அதைப் படித்தவர்கள் என்னைப் பற்றி என்ன நினைத்திருப்பார்கள் என்பதை இன்றுவரை என்னால் முழுதாக நினைத்துப் பார்க்க முடியவில்லை.

இனி அந்த ஏழாவது பள்ளி. ‘இடம் கிடைக்காவிட்டால் முழுப் பணமும் வாபஸ்’ என்பது விளம்பரம். ஒப்பந்தத்தில் அது எட்டாம் பக்கத்தில், இப்படி இருந்தது: நிறுவனம் பரிந்துரைக்கும் எல்லாப் பள்ளிகளுக்கும் விண்ணப்பித்து, அவற்றில் ஒன்றுகூட இடம் தராவிட்டால் மட்டுமே. எட்டாம் பக்கத்தை நான் படித்தது பிப்ரவரியில். பட்டியலின் கடைசியில் அந்தப் பள்ளியை அவர்கள் ஏன் அத்தனை வற்புறுத்திச் சேர்த்தார்கள் என்பது அப்போதுதான் புரிந்தது. அது கிட்டத்தட்ட கேட்பவருக்கெல்லாம் இடம் கொடுக்கும் பள்ளி. அதன் இணையதளத்தில் ‘மாணவர்களை அனுப்பும் பங்குதாரர்கள்’ என்றொரு பக்கம். அதில் இந்த நிறுவனத்தின் சின்னம். ஆக என்னிடமும் கட்டணம், நான் சேர்ந்திருந்தால் அங்கிருந்தும் ஏதோ ஒன்று.

இந்தத் தொழிலில் நேர்மையானவர்களே இல்லை என்று சொல்ல மாட்டேன். சேர்க்கை ஆலோசகர்களுக்கென்று சர்வதேசச் சங்கமே இருக்கிறது. கட்டுரையை மாணவருக்காக எழுதித் தரக்கூடாது என்பது அதன் உறுப்பினர்களுக்கான நெறி. நல்ல ஆலோசகர் கேள்வி கேட்பார், கட்டுரையைத் திருப்பி அனுப்புவார், மறுபடியும் கேட்பார் என்று அவர்களிடம் போன ஒரு தோழி சொன்னாள். என் ஆலோசகர் எட்டு மாதத்தில் என்னிடம் என் வேலையைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்டதில்லை. அதையே ஒரு அடையாளமாக வைத்துக்கொள்ளலாம். பணம் கட்டுவதற்கு முன், பணத்தைத் திருப்பித் தரும் விதியை முதலில் படியுங்கள். பள்ளிகளைத் தேர்ந்தெடுக்கும் உரிமை யாருக்கு என்று அதில் பாருங்கள். எந்தப் பள்ளியிடமாவது தரகு வாங்குகிறீர்களா என்று எழுத்தில் கேளுங்கள். என் நிறுவனத்திடம் நான் பின்னால் கேட்டேன். ‘உங்கள் வெற்றிக்கு வாழ்த்துகள்’ என்று பதில் வந்தது.

அந்த இடத்தை வேண்டாம் என்று எழுதிவிட்டேன். இந்த ஆண்டு மூன்றே பள்ளிகள். மறுபடி விண்ணப்பிப்பவர்களிடம் ‘சென்ற முறைக்குப் பிறகு என்ன மாறியிருக்கிறது?’ என்று பல பள்ளிகள் தனியாகக் கேட்கின்றன. சென்ற ஆண்டு மறுத்த பள்ளி ஒன்றும் என் மூன்றில் இருக்கிறது. பழைய விண்ணப்பத்தை அவர்கள் எடுத்துப் பார்ப்பார்கள். பதினான்கு நான்காக மாறியிருக்கிறது என்பதை எப்படி எழுதுவது என்று மூன்று வாரமாக உட்கார்ந்திருக்கிறேன். இதுவரை நான்கு வரிகள் தேறியிருக்கின்றன.

போன வாரம் அந்த நிறுவனத்தின் புதிய விளம்பரம் ஒன்று கண்ணில் பட்டது. ‘இந்த ஆண்டின் வெற்றியாளர்கள்’ என்று பன்னிரண்டு முகங்கள். இரண்டாம் வரிசையில் மூன்றாவது நான். கீழே என் முதற்பெயர், ‘புகழ்பெற்ற சர்வதேச வணிகப் பள்ளி’, மதிப்பெண் 740. படத்தை நீக்கச் சொல்லி இரண்டு முறை எழுதிவிட்டேன். இன்று காலை பதில் வந்தது: மறுவிண்ணப்பத் தொகுப்புக்கு எனக்குச் சிறப்புத் தள்ளுபடி உண்டாம்.